தினமும் சாயங்காலம் தலைவலி: பிரஷரா, சைனஸா, கண்ணாடியா?

கேள்வி: காரைக்குடி பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 38. வீட்டிலேயே பலகாரம் போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறேன். ஆறேழு மாதமாக வாரத்தில் நாலைந்து நாள் மதியத்துக்கு மேல் தலை வலிக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் திரும்ப வந்துவிடும். வீட்டுக்காரர் பிரஷர் என்கிறார். மாமியார் தலையில் நீர் கோத்திருக்கிறது என்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி சைனஸ் என்கிறார். கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடியும் போட்டாயிற்று. தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்:

ஸ்கேனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. வலிக்கிற நாளெல்லாம் மாத்திரை என்றால் மாதத்துக்குப் பதினாறு, இருபது நாள் ஆகிறது. உங்கள் தலைவலி முதலில் எதனால் தொடங்கியிருந்தாலும் சரி, இப்போது அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த மாத்திரையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நான் பொது மருத்துவன், இந்தப் பக்கத்து ஊர்களில்தான் வைத்தியம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்னதுதான் என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லலாம்.

மூளைக்குத் தனக்கென்று வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கிற உறை, ரத்தக் குழாய்கள், நெற்றியிலும் பிடரியிலும் உள்ள தசைகள், அவற்றுக்கு வரும் நரம்புகள், இவைதான் வலியை உணர்கின்றன. கட்டி, மூளைக்காய்ச்சல் மாதிரி வேறொரு நோயின் அடையாளமாக வரும் தலைவலி குறைவு. தலைவலியே நோயாக வருவதுதான் அதிகம். அதில் இரண்டு வகையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் அழுத்தும். வேலை ஓடும், ஆனால் எரிச்சலோடு ஓடும். வாந்தி இருக்காது. உலகத்தில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

இன்னொன்று ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். பெயர் அப்படி இருந்தாலும் இரண்டு பக்கமும் வரலாம். விண் விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், குமட்டும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது, இருட்டு அறையில் போய்ப் படுத்தால் தேவலை என்றிருக்கும். மாத்திரை போடாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடு போல வளைந்து வளைந்து தெரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் மறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். பல சமயம் அம்மாவுக்கோ ஆயாவுக்கோ இருந்திருக்கும். மாதவிலக்கை ஒட்டி வருவதும் உண்டு.

உங்களுக்கு இரண்டில் எது என்பதற்கு ஒரு சின்னக் கேள்வி போதும்: வலிக்கிறபோது அடுப்படி வேலையைத் தொடர முடிகிறதா, இல்லை எல்லாவற்றையும் போட்டுவிட்டு இருட்டில் படுக்கத் தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் மைக்ரேன் பக்கம் சாய்கிறது.

இனி உங்கள் வேலை நாளுக்கு வருவோம். பலகாரம் போடுகிற பல வீடுகளைப் பார்த்தவன் என்பதால் ஊகித்துச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்திக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு, நாலரைக்கு எழுந்து ஒரு காப்பி. அடுப்பு மூட்டிய பிறகு தேன்குழல் பிழிகிற வேலை. இரண்டு கையாலும் அழுத்தும்போது தோள் காதுவரை ஏறி நிற்கும், கழுத்து குனிந்தபடியே இருக்கும். அடுத்து மணகோலம் என்கிற இனிப்புக்குப் பாகு. பதம் தப்பினால் போச்சு, அதனால் தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாது. சட்டியிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை நேராக முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கு இன்னொரு காப்பி. பாக்கெட் போட்டு முடித்துச் சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. முதல் கவளம் வாய்க்குள் போவதற்கு முன்பே நெற்றிப்பொட்டு இரண்டும் கனக்கத் தொடங்கியிருக்கும்.

இந்த ஒரு காலைக்குள்ளேயே தலைவலிக்கான காரணம் நாலைந்து இருக்கிறது. பசி ஒன்று. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மூன்று மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் 19 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்தாலே தலைவலி வரலாம் என்று மருத்துவ வகைப்பாட்டிலேயே தனியாகக் குறித்திருக்கிறார்கள். கந்த சஷ்டி விரதத்தில் ‘தலை கிறுகிறுக்கிறது, இடிக்கிறது’ என்று நம் வீடுகளில் சொல்வதும் இதுதான். சர்க்கரை மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டினியில் தலைவலியோடு வேர்வையும் கை நடுக்கமும் வந்தால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம், விரதம் பார்க்காமல் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும்.

தண்ணீர் இன்னொன்று. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிற வெயில், அதில் அடுப்படி வேறு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்களிலும் தலைவலி என்று உட்கார்ந்துவிடுபவர்களைப் பார்க்கலாம். வெயில், தூக்கமின்மை, குடிக்காத தண்ணீர், மூன்றும் சேர்ந்த வலி அது. உப்புப் போட்ட நீர்மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்தால் பாதி சரியாகிவிடும்.

காப்பியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு தம்ளர் ஃபில்டர் காப்பியில் டிகாஷனின் கெட்டியைப் பொறுத்துச் சுமார் 100 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கும். தினம் 200 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு வாரம் பழகிய உடம்புக்கு அதை நிறுத்தினாலோ நேரம் தள்ளிப்போனாலோ 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும், காப்பி குடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடிப்போகும். கோயில் விசேஷத்தன்று காப்பி இல்லாமல் கிளம்பி, பதினொரு மணிக்கு மண்டையிடியோடு திரும்பி வருகிறவர்களுக்கு அம்மன் குற்றம் ஒன்றுமில்லை, டிகாஷன் குற்றம்தான். குறைக்க வேண்டுமென்றால் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரைத் தம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். குடிக்கிற காப்பியைத் தினமும் அதே நேரத்தில் குடியுங்கள்.

கழுத்தும் தோளும் நாலாவது. பிடரியிலிருந்து கிளம்பி நெற்றிக்கு ஏறுகிற வலி என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆத்தங்குடியில் குனிந்து உட்கார்ந்து டைல்ஸ் போடுகிறவர்களிடமும், தறிக் குழியில் உட்கார்ந்து கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்களிடமும், நாள் முழுக்க செல்போனைக் குனிந்து பார்க்கிற காலேஜ் பிள்ளைகளிடமும் இதே வலியைப் பார்க்கலாம். உங்களுக்கு எளிய வழி, சட்டியின் உயரத்தை மாற்றுவது. ஒன்று அடுப்பை உயர்த்துங்கள், இல்லையென்றால் உட்கார்ந்து பிழியுங்கள். அரை மணிக்கு ஒருதரம் தோளை இறக்கிச் சுழற்றிவிடுங்கள்.

சரி, வீட்டில் ஆளுக்கொன்றாகச் சொன்னதைப் பார்ப்போம்.

பிரஷர்: சாதாரணமாகக் கொஞ்சம் கூடியிருக்கிற ரத்த அழுத்தம் தலைவலி தராது. 180/120ஐத் தாண்டுகிற மாதிரி எக்கச்சக்கமாக ஏறினால் தரலாம். பல சமயம் வலியாலேயே பிரஷர் கொஞ்சம் ஏறும், அதைப் பார்த்துவிட்டு ‘பிரஷரால்தான் வலி’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதில் எனக்குக் கவலை தருவது மறுபக்கம்தான். ‘எனக்குத் தலையே வலிக்கிறதில்லை, பிரஷரெல்லாம் இருக்காது’ என்று மாத்திரையை நிறுத்துகிற ஐயாக்கள் எத்தனை பேர்! உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்காகவாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவரையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சைனஸ்: நெற்றி வலித்தாலே சைனஸ் என்று சொல்கிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. உண்மையான சைனஸ் என்றால் மூக்கிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சளி வரும், மூக்கடைக்கும், வாசனை தெரியாது, சில சமயம் காய்ச்சலும் இருக்கும். சளி போனதும் வலியும் போகும். ஆறேழு மாதமாக மூக்கில் ஒன்றுமில்லாமல் சாயங்காலம் மட்டும் வந்துபோகிறது சைனஸ் இல்லை. மைக்ரேனிலும் மூக்கு அடைத்துக் கண்ணில் நீர் வரும் என்பதால்தான் இந்தக் குழப்பம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று நினைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலிதான்.

நீர் கோத்தல்: தலைக்குள் நீர் போய் நிற்காது. ஆனால் உங்கள் மாமியாரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். தலைக்குக் குளித்த அன்று மைக்ரேன் வருவதை நம் நாட்டு மருத்துவர்கள் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நீளமான கூந்தல், ஈரம் காயாமல் இறுக்கிக் கட்டிய கொண்டை, விரதத்துக்காகத் தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது, இவையெல்லாம் சேர்ந்து கிளப்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் விசேஷ நாளில் தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம், முடியை நன்றாகக் காயவிட்டுத் தளரக் கட்டலாம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், சளி இருந்தால் இளகும். கொதிக்கிற பானையைப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் டஜன் கணக்கில் வாங்கி வருகிற கோடாலி தைலமும் ஒன்றும் கெடுதல் இல்லை. இறுக்கத் தலைவலிக்கு அந்தக் குளிர்ச்சி கொஞ்சம் உதவும். கைக்குழந்தைக்கு மட்டும் தடவ வேண்டாம்.

கண்: பார்வைக் குறைவால் வலி வரும், ஆனால் கிட்டத்துப் பார்வை வேலை பார்த்த பிறகு வரும், கண்ணை மூடி ஓய்வெடுத்தால் போகும். நாற்பதை நெருங்கும்போது ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது கண்ணாடி உதவும். சரியான கண்ணாடி போட்டும் வலி நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் கண் இல்லை, பவரை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை.

யாரும் காரத்தைச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம்தான். வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டுச் சாப்பாட்டில்தான் முதலில் பழியைப் போடுவார்கள். மிளகும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் பாவம், விட்டுவிடலாம். மிளகாய் வறுக்கிற நெடி வேறு விஷயம், நெடியும் வாசனையும் மைக்ரேனைக் கிளப்பும். கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள்: இரவெல்லாம் விழிப்பு, நெருக்கிக் கட்டிய மல்லிகை, சாம்பிராணி, மேளச் சத்தம், கடைசிப் பந்தியில் சாப்பாடு. உள்ளே இருட்டாக இருக்கிற அறையிலிருந்து முற்றத்துக்கு வந்ததும் கண்ணில் அறைகிற வெயில். தனித்தனியாக வந்தால் தாங்கிக்கொள்கிற தலை, எல்லாம் ஒரே நாளில் வந்தால் தாங்காது. கல்யாணத்தன்று ஒன்றும் ஆகாமல், எல்லாம் முடிந்து சாமான்களை எடுத்து வைக்கிற மறுநாள் வலி வருகிறவர்களும் உண்டு. பரபரப்பு அடங்கும்போதும் மைக்ரேன் வரும்.

மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறட்டை விடுகிறவர் காலையில் எழும்போதே தலைவலியோடு எழுந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும், சில பிரஷர் மாத்திரைகளும் தலைவலி தரும். தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இறுக்கமான ஹெல்மெட்டும் வலிக்கும், அதற்காகக் கழற்றிவிடாமல் அளவைப் பார்த்து மாற்றுங்கள். ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கினால் வருகிற சுரீர் வலிக்குப் பயப்படத் தேவையில்லை.

மாத்திரைக்குத் திரும்புவோம். பாராசிட்டமால் மாதிரி தனி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்று கொடுக்கிற எர்கோட்டமின் கலந்ததற்கும் 10 நாளே போதும். ஏற்கெனவே தலைவலிக்காரராக இருப்பவருக்குத்தான் இது வரும். மூட்டு வலிக்குத் தினம் போடுகிறவருக்கு, அவருக்கு முன்பே தலைவலி இல்லையென்றால், பொதுவாக வருவதில்லை. வலியை உணர்கிற பாதை மாத்திரைக்குப் பழகி, அதன் வேகம் இறங்கியதும் மறுபடி வலியைக் கிளப்பும். நீங்கள் அடுத்ததைப் போடுவீர்கள். ‘கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் திரும்ப வரும்’ என்று நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

இதில் ஊர்ப் பழக்கம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. மெடிக்கலில் ‘தலைவலிக்கு ரெண்டு கொடுங்க’ என்றால் அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிடும். ஆச்சி சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு வைத்திருப்பதும் இப்படிப் பெயர் தெரியாத மாத்திரைதான். அதில் டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து இருந்தால் வெறும் வயிற்றில் போடும்போது இரைப்பையைப் புண்ணாக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தையும் பிரஷரையும் கெடுக்கும். காஃபின் கலந்திருந்தால் காப்பிக் கணக்கு தனியாக ஏறும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது. இனிமேல் முழு அட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் பெயரை எழுதி வாங்குங்கள்.

இதிலிருந்து வெளியே வர வழி, மாத்திரையை நிறுத்துவதுதான். சாதாரண வலி மாத்திரை என்றால் உடனே நிறுத்தலாம். தூக்க மாத்திரையோ டிரமடால் மாதிரி கடுமையான வலி மருந்தோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி இன்னும் கூடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அந்தப் பத்து நாளில் வீட்டில் இருப்பவர்களுக்கு அதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். ஆர்டர் குறைவாக இருக்கிற மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள், தீபாவளிக்கு முன்னால் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வலி வருகிற நாட்கள் குறையும், முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்வரை ஆகலாம். அதன்பிறகு வலி வந்தால் தொடக்கத்திலேயே, சாப்பிட்டுவிட்டு, ஒரு பாராசிட்டமால். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகாதீர்கள்.

கூடவே ஒரு காலண்டர் மாட்டுங்கள். ராகுகாலம் பார்த்துக் கிழித்துப் போடுகிற தினக் காலண்டர் இதற்கு ஆகாது. நகைக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் போதும். வலித்த நாளில் ஒரு சுழி, மாத்திரை போட்டால் ஒரு பெருக்கல் குறி, அன்றைக்கு முதலில் சாப்பிட்ட நேரம், மாதவிலக்கு நாள். நாலரைக்கு எழுந்தால் ஏழு மணிக்குள் இரண்டு இட்லியோ, முந்தின நாள் வெள்ளைப் பணியாரம் மீந்திருந்தால் அதுவோ, எதையாவது சாப்பிட்டே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியத் தொடங்கும். அப்படியும் மாதத்தில் நாலு நாளுக்கு மேல் படுக்க வைக்கிற வலி வந்தால், வராமல் தடுக்கத் தினம் போடுகிற வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் ஆள் பார்த்து எழுத வேண்டும். ஆஸ்துமா உண்டா, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா, கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா என்று மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள். கண்ணில் மின்னல் கோடு தெரிகிற மைக்ரேன் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

காத்திருக்கக் கூடாத தலைவலிகளும் உண்டு. இதுவரை வராத மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, முகம் கோணுதல், கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போவது, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு அப்படி ஆவது, வலிப்பு, கண் சிவந்து பார்வை மங்கி வாந்தி, கர்ப்பிணிக்கும் பிரசவமான புதிதில் தாய்க்கும் வருகிற கடுமையான தலைவலி. இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துப் பார்க்காமல் உடனே 108க்குக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, வாரத்துக்கு வாரம் கூடுகிற வலி, மெல்லும்போது தாடை வலிப்பதோடு நெற்றிப்பொட்டும் வலிப்பது, இவற்றுக்கு அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், தாடை வலி சேர்ந்திருந்தால் அன்றைக்கே பாருங்கள்.

இப்போது ஸ்கேன். மேலே சொன்ன எதுவும் இல்லாமல், டாக்டர் உங்கள் கண், கைகால், நடை எல்லாவற்றையும் சோதித்துச் சரியாக இருக்கிறது என்றால் ஸ்கேன் தேவையில்லை. மன நிம்மதிக்கு எடுக்கலாமே என்பார்கள். எடுத்தால் தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு சின்னப் புள்ளி தெரிந்து, நிம்மதி போனதுதான் மிச்சம் என்று வந்து நிற்பவர்களும் உண்டு. முதலில் உள்ளூரில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் பார்த்து, ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமா என்பதை அவர் சொல்வார். போகும்போது அந்தக் காலண்டர் தாளையும், வீட்டில் இருக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும், மாமியாருடையதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.